ஹெச்.ஓ.டி. கையெழுத்து மட்டும் போதாது

கோவை சிங்காநல்லூரிலிருந்து பீளமேட்டுக் கல்லூரிகளுக்குப் பஸ் ஏறும் இறுதியாண்டு மாணவர்களில், வெளிநாட்டில் எம்.எஸ். படிக்க நினைப்பவர்களுக்கு இந்தப் பருவத்தில் பெரிய அலைச்சல் எல்.ஓ.ஆர். எனும் பரிந்துரைக் கடிதம் வாங்குவதுதான். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் மூன்று கடிதம் கேட்கின்றன. டிசம்பரிலேயே பல துறைகளுக்குக் கடைசி நாள் வந்துவிடும். உடனே எல்லோரும் ஓடுவது துறைத் தலைவரான ஹெச்.ஓ.டி. அறைக்கு. "நீயே எழுதிட்டு வா கண்ணு, கையெழுத்துப் போட்டுடலாம்" என்பார் அவர். கடிதம் கெடுவது அங்கேதான். கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர், நேரம் தவறாதவர் என்று மாணவர் எழுதிக் கொண்டுபோவார். பெயரை மாற்றினால் வகுப்பில் யாருக்கும் அது பொருந்தும்.

நல்ல கடிதம் எப்படியிருக்கும் என்பதற்கு நம் ஊர்ச் சான்றே இருக்கிறது. எஃப்.ஏ. என்ற அன்றைய கல்லூரித் தேர்வில் தேறாத, பட்டமில்லாத கணித மேதை ராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் கணக்கு எழுத்தராக இருந்தபோது, வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் அவருடைய கணித வேலைகள் சிலவற்றைப் பார்த்தார். 1913 பிப்ரவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். தான் பார்த்தவை கேம்பிரிட்ஜ் கல்லூரி ஃபெலோ ஒருவரின் ஆய்வுக்கு நிகரான புதுமை கொண்டவை என்றார். முழுமையும் துல்லியமும் போதவில்லை என்பதையும், அந்தக் கணிதப் பிரிவு தன் துறையல்ல என்பதையும் மறைக்கவில்லை. பிழைப்புக் கவலையின்றிச் சில ஆண்டுகள் கணிதத்திலேயே இருக்க வழிசெய்யலாம் என்று முடித்தார். மாதம் 75 ரூபாய் உதவித்தொகை இரண்டு ஆண்டுகளுக்குக் கிடைத்தது. கண்ணால் பார்த்தது, யாரோடு ஒப்பிடலாம், எங்கே குறை, என்ன செய்யலாம் என நான்கும் அதில் இருந்தன. குறையைச் சொன்னதால்தான் புகழ்ச்சியும் நம்பும்படி இருந்தது என்பது என் எண்ணம்.

ஆகவே பதவியைப் பார்க்காதீர்கள், உங்கள் வேலையைப் பார்த்தவரைப் பிடியுங்கள். புராஜெக்ட் கைடு உதவிப் பேராசிரியராக இருந்தாலும் பரவாயில்லை. பம்ப்செட் கம்பெனியில் இன்டர்ன்ஷிப் செய்திருந்தால், பக்கத்தில் நின்று வேலை வாங்கிய இன்ஜினியர் எழுதலாம். பம்பின் அதிர்வை அளந்தபோது ரீடிங் தாறுமாறாக வந்தது, எல்லோரும் சென்சாரைக் குறை சொன்னார்கள், அடித்தட்டு போல்ட் தளர்ந்திருந்ததை நீங்கள் கண்டுபிடித்தீர்கள் என்று வையுங்கள். அதை நேரில் கண்டவர் எழுதும் நாலு வரி, கல்லூரி முதல்வரின் முழுப் பக்கத்தைவிடக் கனமானது.

கடிதத்தை நீங்கள் எழுதித் தராதீர்கள். அதற்குப் பதில் ஒரே தாளில் விவரம் கொடுங்கள்: எந்தப் பாடம், எந்த செமஸ்டர், என்ன புராஜெக்ட், எங்கே சிக்கல், எப்படிச் சரியானது, எந்தப் பல்கலைக்கு எந்தத் தேதிக்குள். மதிப்பெண் பட்டியலைக் கடிதத்தில் திருப்பி எழுதுவது வீண், அது விண்ணப்பத்திலேயே இருக்கிறது. கடிதத்தைப் பதிவேற்றும் லிங்க் நேராக ஆசிரியருக்குத்தான் போகும். அவருடைய கல்லூரி மின்னஞ்சலையே கொடுங்கள், ஜிமெயில் என்றால் சில இடங்களில் சந்தேகப்படுவார்கள். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுத்தருகிறீர்களா என்று படிவம் கேட்டால், சம்மதிப்பதே நல்லது. நீங்கள் பார்க்காத கடிதத்துக்குத்தான் மதிப்பு அதிகம்.

ஒன்றரை மாதம் முன்பே கேளுங்கள். கேட்கும்போது, "சார், என்னைப் பத்தி அழுத்தமா எழுத முடியுங்களா?" என்று வெளிப்படையாகவே கேளுங்கள். அவர் தயங்கினால் வருத்தப்படாமல் நன்றி சொல்லிவிட்டு, உங்களை இன்னும் நன்றாகத் தெரிந்த அடுத்தவரிடம் போங்கள்.