வாயின் ஈரம்

நுழையும்முன்
உடலில் இருக்கும்வரை கவனிக்கப்படாமல், இல்லாதபோது பெரிதும் உணரப்படுவன சில. அவற்றுள் ஒன்று உமிழ்நீர். அது வற்றினால் நேரும் துன்பத்தையும், அதனைத் தணிக்கும் பலபடிப் பொருள்களையும் இப்பாடம் விளக்குகிறது.

புளியங்காயைக் கண்டவுடன் நாவில் நீர் ஊறுகிறது. காதுகளுக்கு முன்புறமும், கீழ்த்தாடைக்கு அடியிலும், நாக்கின் அடியிலும் அமைந்த மூன்று இணைச் சுரப்பிகளே அந்நீரைப் பெரும்பாலும் சுரக்கின்றன. நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. அது உணவை நனைத்து விழுங்கச் செய்கிறது, சுவையை உணர்த்துகிறது, பேச்சுக்குத் துணைபுரிகிறது, அமிலத்தைத் தணித்துப் பற்களைக் காக்கிறது.

நீரிழிவு, மனச்சோர்வுக்கும் ஒவ்வாமைக்கும் உட்கொள்ளும் சில மருந்துகள், முதுமையில் பல மருந்துகளை ஒருசேர உண்ணுதல் ஆகியவற்றால் வாய் உலரக்கூடும். எனினும், மிகக் கடுமையான உலர்வு கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் பின் நேர்கிறது.

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில் சந்தாபுரா உள்ளது. அதனை அடுத்த பொம்மசந்திராவில் 2009ஆம் ஆண்டு முதல் மஜும்தார் ஷா புற்றுநோய் மருத்துவமனை இயங்கி வருகிறது. புகையிலைப் பழக்கத்தால் இந்தியாவில் வாய்ப் புற்றுநோய் மிகுதி. தலை, கழுத்துப் பகுதிகளில் செலுத்தப்படும் கதிர்கள் புற்றணுக்களை அழிக்கும்போது, அருகிலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகளும் சிதைவதுண்டு. நோயிலிருந்து மீண்டவர் ஒவ்வொரு கவளத்துக்கும் நீர் பருகுகிறார். இரவில் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, உறக்கம் கலைந்து எழுகிறார். உயிர் காத்த சிகிச்சையே உணவின் இன்பத்தைக் கவர்ந்துவிடுகிறது.

அவருக்கு நீர் மட்டும் போதாதா? உமிழ்நீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நீரே. ஆயினும் எஞ்சிய ஒரு பங்கில்தான் அதன் வழுவழுப்பு அடங்கியுள்ளது. மியூசின் என்னும் புரதம் அதற்குக் காரணம். மலர்களை நாரில் தொடுத்தால் சரமாவதுபோல, சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து நீண்ட தொடராவது பலபடி எனப்படும். இதனையே பாலிமர் என்பர். மியூசினும் அத்தகைய ஒரு தொடரே. அது நீரைப் பற்றிக்கொண்டு வாயின் உட்புறத்தில் படலமாகப் படிகிறது. பருகிய நீரோ நொடியில் வழிந்தோடிவிடுகிறது.

இயற்கைப் படலத்துக்கு மாற்றாகவே செயற்கை உமிழ்நீர் செய்யப்படுகிறது. பருத்தியிலும் மரத்திலும் உள்ள செல்லுலோசிலிருந்து பெறப்படும் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், நுண்ணுயிரிகள் உண்டாக்கும் சாந்தன் பிசின் ஆகியவை அதில் பயன்படுகின்றன. நீரில் இட்ட சப்ஜா விதையைச் சுற்றிக் குழகுழப்பு உண்டாவதைப் பலரும் கண்டிருப்பர். தாவரப் பலபடி நீரைத் தாங்குவதற்கு அதுவே எளிய சான்று. இம்மருந்துகள் தெளிப்பானாகவும் கூழாகவும் கிடைக்கின்றன.

ஆனால் அவற்றின் பயன் சிறிது நேரமே நிலைக்கிறது. சிதைந்த சுரப்பியை அவை குணப்படுத்துவதில்லை. இக்குறையைப் போக்க முயலும் ஆய்வுகளுள் ஒன்று, இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் அன்வேஷா சர்க்கார் குழுவினர் நடத்தியது. நுண்ணிய புரதத் துளிகளைப் பலபடிக் கூழால் சூழ்ந்து அவர்கள் அமைத்த மசகுப்பொருளின் ஆய்வுமுடிவு 2023ஆம் ஆண்டு வெளியாயிற்று. நாக்கைப் போன்ற பரப்பில் செய்த ஆய்வுக்கூடச் சோதனையில், கடைகளில் கிடைக்கும் பொருள்களைவிட அது சிறப்பாகச் செயற்பட்டது.

சுரப்பியில் சிறிதளவு ஆற்றல் எஞ்சியிருப்பின், பைலோகார்பின் மருந்தும் சர்க்கரையற்ற சூயிங்கமும் அதனைத் தூண்டும். ஃபுளூரைடு பற்பசை பற்சிதைவைக் குறைக்கும். மருந்துகளை நிறுத்துவதோ மாற்றுவதோ மருத்துவரின் அறிவுரைப்படியே நிகழவேண்டும். புகையிலையை அணுகாமலிருத்தல் இத்துன்பத்தின் வேரையே அறுப்பதாகும்.

சொற்பொருள்
கவளம் – ஒரு வாய் உணவு
அண்ணம் – வாயின் மேற்பகுதி
மசகு – உராய்வைக் குறைக்கும் பொருள்

இலக்கணக் குறிப்பு
உமிழ்நீர் – வினைத்தொகை
சிதைந்த சுரப்பி – பெயரெச்சம்

வினாக்கள்
1. உமிழ்நீரின் பணிகள் யாவை?
2. பலபடி என்பதைப் பாடத்தில் உள்ள உவமைகொண்டு விளக்குக.
3. நீர் பருகுவது மட்டும் வாய் உலர்வுக்குத் தீர்வாகாதது ஏன்?