மைனர் சொத்தும் கார்டியன் வகைகளும்

தகப்பனை இழந்த சிறுவனுக்குச் சேர்ந்த நிலத்தைச் சிற்றப்பனே கையொப்பமிட்டு விற்றுவிடுவது நம் கிராமங்களில் புதிதன்று. பிள்ளையை வளர்ப்பவர் யாவரும் அதன் சொத்துக்குக் கார்டியன் ஆகிவிடுவதில்லை என்பதை வாங்குவோர் அறிதல் வேண்டும்.

இந்துக் குடும்பங்களில், 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி இயற்கைக் கார்டியன் தகப்பனார். அவருக்குப் பின் தாயார். தகப்பனார் உயிருடனிருந்தும் பொறுப்பேற்காவிடில் தாயாரே கார்டியன் ஆகலாமென்று 1999-இல் சுப்ரீம் கோர்ட்டு விளக்கியது. உயிலினால் நியமிக்கப்பட்டவரும், 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி கோர்ட்டு நியமித்தவரும் உண்டு.

இவற்றில் எதிலும் சேராது, தாமாகவே பொறுப்பேற்ற உறவினர் மைனரின் சொத்தை விற்க இயலாது. பெற்ற தாயே விற்பதாயினும் கோர்ட்டின் முன்அனுமதி தேவை. மைனருக்கு அவசியம் அல்லது தெளிவான நன்மை உண்டென்று காட்டினாலன்றி அது கிடைக்காது. அடமானத்திற்கும், ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கும் இதுவே விதி. அனுமதியின்றித் தாயார் விற்றிருந்தால், 18 வயது நிரம்பிய மூன்று ஆண்டுகளுக்குள் பிள்ளை வழக்கிட்டு அக்கிரயத்தை ரத்துச் செய்யலாம். மலிவாக வாங்கிக் கிணறும் வெட்டியவர் அன்று நிலத்தை இழந்து நிற்பார்.

பாகம் பிரியாத கூட்டுக் குடும்பச் சொத்தின் நிலை வேறு. குடும்பத் தலைவரின் அதிகாரம் அங்கே தனி. ஆகவே சாட்சிக் கையொப்பத்திற்கு அழைக்கப்படும் பஞ்சாயத்து அங்கத்தினர்கள், முதலில் பாகப் பத்திரத்தையும், மைனரின் தனிச்சொத்தாயின் கோர்ட்டு உத்தரவையும் கேட்டுப் பார்க்கலாம்.