சர்க்கரை நோய்: ரத்தம் சொல்லும் கணக்கு

சர்க்கரை நோயாளி இல்லாத குடும்பத்தை நம்மிடையே காண்பது அரிதாகி வருகிறது. வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்ட பின் எவ்வளவு என்ற இரண்டு எண்களும் நமக்கு மனப்பாடம். ஆனால் அவை ரத்தம் எடுத்த நேரத்து அளவை மட்டுமே காட்டுகின்றன. பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பு பிரியாணியையும் இனிப்பையும் ஒதுக்கி வைத்தால் எண் குறையலாம்; நோய் குறைந்திருக்காது. ஆகவே ரத்தத்தில் வேறு என்னென்ன பார்க்க வேண்டும் என்பதை இந்த இதழில் அறிந்துகொள்வோம்.

மூன்று மாதக் கணக்கு

ரத்தத்தில் உள்ள குளுக்கோஸ், சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. சர்க்கரை கூடினால் ஒட்டுவதும் கூடும். ஒரு சிவப்பணு சுமார் 120 நாட்கள் வாழ்வதால், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி அதில் பதிந்துவிடுகிறது. இதை அளப்பதுதான் எச்பிஏ1சி பரிசோதனை. சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்தில் இது கூடுதலாக இருப்பதை 1968இல் தெஹ்ரான் பல்கலைக்கழகத்தின் சாமுவேல் ரஹ்பர் வெளியிட்டார்.

5.7 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் இயல்பு. 5.7 முதல் 6.4 வரை எச்சரிக்கை நிலை. 6.5ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். நோயாளிகளில் பலருக்கு 7க்குக் கீழே வைத்திருப்பது இலக்கு. முதியவர்களுக்கு டாக்டர் அதைத் தளர்த்தக்கூடும். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை உள்ளவர்களுக்கு எண் பொய்யாகக் கூடிக் காட்டலாம். நம் பெண்களில் பலருக்கு இந்தக் குறை உண்டு என்பதால், அதையும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

உள்ளே நடப்பது என்ன?

எண்ணெயை நாள்கணக்கில் திறந்து வைத்தால் சிக்கு வாடை அடிக்கும். ஆக்சிஜன் பட்டு அதன் கொழுப்பு கெடுவதே காரணம். உடலிலும் இதைப் போன்ற ஒன்று நடக்கிறது. செல்களுக்குள் குளுக்கோஸ் அளவுக்கு மீறிச் சேரும்போது ஃப்ரீ ராடிக்கல்கள் என்ற நிலையற்ற மூலக்கூறுகள் அதிகம் உருவாகின்றன. இவற்றை அடக்க குளூட்டாதயோன் போன்ற காவலர்கள் நம் உடலிலேயே உண்டு. காவலர்களின் பலத்தை மீறி இவை பெருகும் நிலையே ஆக்சிஜனேற்ற அழுத்தம். கண், சிறுநீரகம், நரம்பு, ரத்தக்குழாய் ஆகியவை இதனால் மெல்ல மெல்லச் சேதமடைகின்றன. வலி தெரியாது என்பதால் நாம் கவனிப்பதும் இல்லை.

கொழுப்பு கெடுவதால் உண்டாகும் மாலோண்டையால்டிஹைடு என்ற பொருளை ரத்தத்தில் அளந்து இந்த அழுத்தத்தை ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். இது ஆய்வுக்கு உதவும் பரிசோதனை. வழக்கமான சிகிச்சைக்கு நாம் பணம் கொடுத்துச் செய்துகொள்ளத் தேவையில்லை.

மாத்திரை விளம்பரங்கள்

"ஆன்டிஆக்ஸிடன்ட் சாப்பிட்டால் சர்க்கரை போய்விடும்" என்று சொல்லி விலை உயர்ந்த டப்பாக்களை விற்கிறார்கள். 2000இல் வெளியான ஹோப் ஆய்வில், சர்க்கரை நோயாளிகள் உட்பட இதய நோய் அபாயம் மிகுந்த ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். வைட்டமின் ஈ மாத்திரையைச் சராசரியாக நாலரை ஆண்டுகள் எடுத்தவர்களுக்கும் மாரடைப்பு குறையவில்லை. மாறாக, பிரிட்டனில் நடந்த நீண்ட ஆய்வில் எச்பிஏ1சி 1 சதவீதம் குறைந்தபோது, கண், சிறுநீரகம் போன்றவற்றின் சிறு ரத்தக்குழாய்ப் பாதிப்புகள் 37 சதவீதம் குறைவாகக் காணப்பட்டன. டாக்டர் தந்த மருந்தை நிறுத்திவிட்டு டப்பாவை நம்புவது கண்ணையும் சிறுநீரகத்தையும் பணயம் வைப்பதாகும்.

நாம் செய்ய வேண்டியவை

• எச்பிஏ1சி: கட்டுப்பாட்டில் இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இல்லையெனில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை.
• ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரில் அல்புமின், ரத்தத்தில் கிரியேட்டினின், கொழுப்பு அளவு, கண் விழித்திரை, பாதம் ஆகியவற்றின் பரிசோதனை.
• கீரை, காய்கறி, பயறு வகைகள், தினசரி நடை. புகையிலை அறவே வேண்டாம். அதுவும் இந்த அழுத்தத்தைக் கூட்டும்.
• நோன்பு நோற்க விரும்பும் நோயாளிகள் ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே டாக்டரைப் பார்த்து, மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

வாப்பா, உம்மாவின் பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக ஒரே ஃபைலில் சேர்த்து வைப்போம். எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது அப்போதுதான் டாக்டருக்கும் நமக்கும் தெரியும்.