ஓராறும் ஈரூரும்

பிறநாடு செல்லும் பிரயாணி விடுதியிற் புகுந்தவுடன் வினவுவது, "ஈண்டுக் குழாய்நீரைக் காய்ச்சாமற் பருகலாமா?" என்பதே. ஆற்றுநீர் நல்லதாயின் குழாய்நீரும் நல்லதே என்பது பலருடைய எண்ணம். அது பிழையென்பதை, ஜெர்மனி தேசத்தில் எல்ப் நதிக்கரையில் ஒன்றையொன்று ஒட்டிக் கிடந்த ஹாம்பர்க், ஆல்ட்டோனா என்னும் இரு நகரங்களின் வரலாறு காட்டும். அதனைச் சிறிது ஆராய்வாம்.

ஹாம்பர்க் செல்வம் மிக்க துறைமுகப் பட்டினம். ஆறு நகருட் புகுமுன்னரே அதன் நீரை எடுத்து, வடிகட்டாமலே குழாய்களில் விடுத்தது. ஆல்ட்டோனாவோ, ஆறு இரு நகரங்களையும் கடந்து, இரண்டன் கழிவையும் சுமந்து வரும் இடத்தில் நீரெடுத்தது. ஆயின் 1859 முதல் அந்நீரை மணற்படுகையின் வழியே மெல்ல இறக்கி வடித்த பின்னரே வழங்கிற்று. இவ்விரண்டனுள் எந்நீர் நன்றென்று எம்மைக் கேட்டிருப்பின், யாமும் ஹாம்பர்க்கையே சுட்டியிருப்போம்.

1892-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வாந்திபேதி தோன்றியது. கடலேற்றத்தால் கழிவுநீர் எதிரேறி ஹாம்பர்க் நீரெடுக்கும் துறையையும் எட்டியது. சில வாரங்களில் சுமார் 8,600 பேர் மாண்டனர். அதன் கால்பங்கு மக்களே வாழ்ந்த ஆல்ட்டோனாவில் இறந்தோர் 400-க்கும் குறைவு. அவருள்ளும் பலர் ஹாம்பர்க்கிற் சென்று நோய் பெற்றோர். எல்லைத் தெருவில் ஒரு சிறகு வீடுகளில் அழுகுரல், எதிர்ச்சிறகில் அமைதி. இன்னும் வியப்பு ஒன்றுண்டு. ஹாம்பர்க் எல்லைக்குள்ளேயே, ஆல்ட்டோனாக் குழாயினின்று நீர் பெற்ற ஒரு குடியிருப்பில் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். ஒருவரையும் நோய் தீண்டவில்லை. காற்றும் மண்ணும் ஒன்றாயிருக்க நீரொன்றே வேறாயிருந்தது. இந்நோயின் கிருமியை முன்னரே கல்கத்தாவிற் கண்டு ஆராய்ந்த ராபர்ட் கோக் என்னும் அறிஞர்க்கு இதனினும் தக்க சான்று வேண்டுமோ? மியூனிக் நகரத்து முதியவர் பெட்டென்கோபர் மட்டும் ஒப்பாராய், அவ்வாண்டு அக்டோபரில் அக்கிருமியைத் தாமே பருகிக் காட்டிப் பிழைத்துக்கொண்டார். அவர் துணிவை மெச்சலாம். வாதத்தை ஏற்றல் இயலாது.

மணல் செய்ததென்ன? நம் பக்கத்தில் குழாய்வாயிலே துணி கட்டும் வழக்கமுண்டு. துணி தூசியைத் தடுக்கும். கிருமி நூலிடையே நுழைந்துவிடும். மணற்படுகையின் மேலோ நாளடைவில் நுண்ணுயிர்கள் வழவழப்பான மெல்லிய படலமொன்றை உண்டாக்குகின்றன. தீய கிருமிகளைப் பற்றி அழிப்பதில் அப்படலமே தலையாயது. ஹாம்பர்க்கிற்கு நீர்க்குழாய் அமைத்த லிண்ட்லி என்னும் ஆங்கிலேயர் இத்தகைய வடிப்பு வேண்டுமென்று பல்லாண்டுகட்கு முன்னரே உரைத்திருந்தார். நகரப் பெரியோர் செலவை நினைந்து தள்ளிவைத்தனர். 1893-இல் அது திறக்கப்பட்டது. கொள்ளைநோய் ஓராண்டு முந்திக்கொண்டது.

வடித்த நீரும் வழியிற் கெடுதலுண்டு. அமெரிக்காவின் பிளின்ட் நகரம் 2014-இல் வேறோர் ஆற்றுநீருக்கு மாறியபொழுது, குழாய் அரிக்காதிருக்கச் சேர்க்கும் மருந்தைச் சேர்க்காமையின், பழைய குழாய்களின் ஈயம் நீரிற் கலந்தது. ஈயத்தைக் காய்ச்சிப் போக்குதல் இயலாது. நாளிற் சில மணிநேரமே நீர் வரும் ஊர்களில், குழாய் வெறுமையாய்க் கிடக்கும்பொழுது வெடிப்புகளின் வழியே சாக்கடைநீர் உட்புகும். ஆதலின் பிரயாணி, "நீர் நாள்முழுதும் வருகின்றதா?" என்றும் வினவுதல் தக்கது. ஒடிசாவின் பூரி நகரில் 2021-இல் அவ்வாறு வரச்செய்த பின்னரே, குழாய்நீரை நேரே பருகலாமென அறிவித்தனர்.