மதில் எழும்ப முன் எல்லையைப் பாருங்கள்

2006 ஆம் ஆண்டில் கடைக்குப் பின்னால் ஒரு ஸ்டோர் கட்ட அத்திபாரம் வெட்டத் தொடங்கினேன். இரண்டாம் நாளே பக்கத்துக் காணித் தம்பி வந்து நின்றார். "நானா, குறை நினைக்காதீங்க. உங்கட வாப்பா கட்டின மதில் எங்கட காணிக்குள்ள வந்திருக்கு" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அந்த மதில் 1982 இல் கட்டப்பட்டது. அவருடைய வாப்பா உயிரோடிருந்தவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்படியான நேரத்தில் நாம் செய்யும் முதல் பிழை, ஆளுக்கொரு நில அளவையாளரைக் கொண்டு வருவது. இரண்டு வரைபடம் வரும், சண்டையும் இரட்டிப்பாகும். நாங்கள் வேலையை நிறுத்திவிட்டு, இருவரும் ஒத்துக்கொண்ட, அனுமதிப்பத்திரம் பெற்ற ஒருவரை அழைத்தோம். கூலியில் ஆளுக்குப் பாதி. இருவரின் உறுதிகளையும் பழைய வரைபடங்களையும் அவரிடம் கொடுத்தோம். அவர் பழைய வரைபடத்தைப் புதிய அளவையின் மேல் பொருத்திப் பார்த்தார். 60 அடி நீள மதில், ஒன்றரை அடி அவர் பக்கம் போயிருந்தது. 90 சதுர அடி. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி என்பதால், இது ஒரு பேர்ச்சில் மூன்றிலொரு பங்கு.

எனது சட்டத்தரணி வேறொரு வழியும் சொன்னார். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, பத்து வருடம் இடையூறின்றி, மற்றவரின் உரிமையை ஏற்காமல், தனதாகவே ஆண்டு வந்தவர் நீதிமன்றில் உரிமை கோரலாம். மதிலுக்கோ 24 வயது. வழக்கில் நான் வெல்லவும் கூடும். ஆனால் ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுப்பது பற்றிய நபியவர்களின் எச்சரிக்கையை ஜும்ஆவில் எத்தனை முறை கேட்டிருப்போம்! அளந்து பார்த்து, பிறருடையது என்று கண்ணால் கண்ட பிறகு அதை எனதென்று வாதாட மனம் வரவில்லை. வழக்கு வருடக் கணக்கில் இழுபடும். அதுவரை தினமும் அந்தத் தம்பியின் முகத்தில் விழிக்கவும் வேண்டுமே.

மதிலை உடைக்காமல், அந்தத் துண்டை அன்றைய சந்தை விலைக்கு வாங்க இணங்கினோம். "வாய்ப் பேச்சுப் போதும் நானா" என்றார் தம்பி. போதாது. எங்கள் வாப்பாமார் வாயால் பேசி முடித்ததுதான் பிள்ளைகளிடம் தகராறாக வந்தது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். முத்திரையில் ஒப்பமிட்ட வெறும் கடிதம் செல்லாது. துண்டை வரைபடத்தில் தனியாகக் காட்டி, உறுதி முடித்து, காணிப் பதிவகத்தில் பதிந்தோம். துண்டு பிரிக்க உள்ளூராட்சி சபையின் அனுமதி வேண்டுமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக் கொள்ளுங்கள்.

பேச்சில் முடியாவிட்டால் 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான மத்தியஸ்த சபை இருக்கிறது. குறித்த பெறுமதிக்குட்பட்ட பல பிணக்குகள் நீதிமன்றம் போக முன் அங்குதான் போக வேண்டும். இணக்கம் வராவிட்டால் அதற்கான சான்றிதழைப் பெற்று வழக்குத் தொடரலாம். கைகலப்பு வரும் நிலையில் பொலிஸார் 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றுக்கு அறிவிப்பார்கள். அதில் இப்போது யார் ஆட்சியில் இருப்பது என்பது மட்டுமே தீர்மானிக்கப்படும். காணி யாருடையது என்பது தீராது. ஆகவே "பொலிஸில் வென்றுவிட்டேன்" என்று மதில் எழுப்பி ஏமாற வேண்டாம்.

வியாபாரச் சகோதரர்களே! கடை வாங்க முன்னும் கட்ட முன்னும் பக்கத்துக் காணிக்காரரை வைத்துக்கொண்டு எல்லைக் கல்லைப் பாருங்கள். அன்று நான் அந்த மூன்றிலொரு பேர்ச்சுக்குக் கொடுத்த பணம் கடையின் ஒரு நாள் வியாபாரத்துக்கும் வராது. இன்று நான் வெளியூர் போனால், கடைச் சாவி அந்தத் தம்பியிடம்தான் இருக்கும்.