ஆவிக்குள் இருக்கும் நிக்கொட்டின்

இடம்பெயரும்வரை புகையிலைத் தோட்டம் செய்த நம்மில் பலருக்கு நிக்கொட்டின் புதிதல்ல. பனியில் நனைந்த பச்சை இலையை வெட்டிச் சுமந்தால் தலைசுற்றும், வாந்தி வரும். தோலினூடாக உடலில் சேரும் நிக்கொட்டினே அதற்குக் காரணம். அழுக்கணவனுக்குத் தெளித்த புகையிலைத் தண்ணீரில் பூச்சியைக் கொன்றதும் அதுவே.

இன்று பல்கலைக்கழக மாணவர் சிலரின் கைகளில் காணப்படும் இலத்திரனியல் சிகரட்டிலும் பெரும்பாலும் இதே நிக்கொட்டின்தான் உண்டு. பற்றரியால் சூடாகும் திரவம் ஆவியாக, அதை உள்ளிழுக்கிறார்கள். நெருப்பில்லை, சாம்பலில்லை, பழவாசனை வேறு! வெறும் நீராவி என்று படித்த பிள்ளைகளே நம்பிவிடுகிறார்கள். ஐக்கிய அமெரிக்காவில் 2015இல் ‘ஜூல்’ என்ற கருவி சந்தைக்கு வந்தது. அதன் ஒரு குப்பியில் ஏறத்தாழ ஒரு பைக்கற் சிகரட்டின் நிக்கொட்டின் இருப்பதாகக் கம்பனியே கூறியது. ஆயினும் 2018இல் வெளியான ஆய்வில், அதைப் பாவித்த 15 முதல் 24 வயதினரில் நூற்றுக்கு 63 பேர், அதில் எப்போதும் நிக்கொட்டின் உண்டென்பதை அறிந்திருக்கவில்லை.

சிகரட்டிலும் தீங்கு குறைவு என்பார்கள். நெடுங்காலம் புகைத்து, சிகரட்டை முற்றாக விட்டு இதற்கு மாறுபவருக்கு அது பொருந்தலாம். ஒருபோதும் புகைக்காத பிள்ளைக்கு இது புதிதாகத் தொற்றும் அடிமைப் பழக்கம்.

விடுமுறைக்கு வரும் பிள்ளையை ஏசாமல், “இதற்குள் என்ன இருக்கிறது?” என்று கேளுங்கள். புகையிலைத் தண்ணீரைப் பற்றி நீங்களே சொல்லிக் கொடுக்கலாம்.