படகை விட்டு இறங்கிய தம்பிகளுக்கும் கூடையை இறக்கிய தங்கைகளுக்கும்

பழவேற்காட்டில் வாடை ஓய்ந்து தென்னல் எடுத்துவிட்டது. பூநாரைக் கூட்டம் நாளுக்கு நாள் குறைகிறது. ஏரித் தண்ணீர் வற்ற வற்ற உப்பு ஏறுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகா. நம் ஃபைபர் படகுக்கும் ஏரித் தொழிலுக்கும் அந்தத் தடை இல்லை. மீனுக்கு விலை கூடும் காலம் என்பதால் பிள்ளைகள் இரவு பகல் பாராமல் தொழிலுக்குப் போவார்கள், மருமகள்கள் ஏலக்கூடத்தில் நிற்பார்கள். ஆக, வெயில் முறுகும் நாட்களில்தான் வயதானவர்கள் வீட்டில் தனித்துப் போகிறார்கள்.

அறுபதைத் தாண்டி, முதல் முறையாக ஒரு பங்குனி சித்திரையைக் கரையில் கழிக்கப்போகிற உங்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னையிலும் கோவையிலும் வசதியுள்ளவர்கள் பணம் கட்டி முதியோர் குடியிருப்புகளில் சேருகிறார்கள். காலை நடைக்குத் துணை, கைவேலைக்கு ஒரு கூடம், மாத்திரை நேரத்தை நினைவூட்ட ஓர் ஆள், பண்டிகைக்குக் கூட்டம், இவைதான் அங்கே கிடைப்பவை. இவை அத்தனையும் நம் குப்பங்களில் இருக்கின்றன. எடுத்துப் பயன்படுத்தத்தான் நாம் பழகவில்லை.

1. வெயில் ஏறுமுன் நடந்துவிடுங்கள்.

வாரத்துக்கு 150 நிமிடமாவது மூச்சு கொஞ்சம் வாங்கும்படி நடக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரம் மூன்று நாளாவது, கீழே விழாமல் இருப்பதற்கான பயிற்சியும் செய்ய வேண்டும் என்கிறது. “ஆயுசு முழுக்க வலை இழுத்தவனுக்கு எதற்கு நடை?” என்று கேட்பீர்கள். வலை இழுத்த உடம்பு வலை இழுப்பதை நிறுத்திய ஆறே மாதத்தில் தளர்ந்துவிடும். முதலில் போவது தொடைப் பலம்.

காய்ந்த பொதமணலில் நடக்காதீர்கள், கால் புதைந்து தடுமாறும். அலை நனைத்துவிட்டுப் போன இறுகிய மணல்தான் நல்லது. கரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் போகும்போது ஒரு காலுக்குப் பாரம் கூடும். அதே வழியில் திரும்பி வந்தால் சரியாகிவிடும். நடை முடிந்ததும் கரையேற்றி வைத்த படகின் அணியத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் பத்து எண்ணும்வரை நில்லுங்கள், பிறகு மற்ற காலில். கையை எடுத்துவிட்டு நிற்கும் அவசரம் வேண்டாம். இடுப்பெலும்பு முறிந்து படுத்த முதியவர்கள் பலர் அதன்பின் எழுந்து நடமாடவே இல்லை. எனக்கு இதில்தான் பயம் அதிகம்.

2. தொழிலை விடுங்கள், வேலையை விடாதீர்கள்.

கடலுக்குப் போகாத ஆணும் கூடை தூக்காத பெண்ணும் மறுநாளிலிருந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுவதை நம் ஊர்களில் நெடுங்காலமாகப் பார்க்கிறேன். முதலில் பேச்சு குறைகிறது, பிறகு சாப்பாடு, கடைசியில் தூக்கம். வலை பின்னும் கூடத்துக்கு வாருங்கள். கிழிந்த வலைக்குப் பஞ்சமே இல்லை. அடைக்க உட்காரும் இளைஞர்கள்தான் குறைந்துவிட்டார்கள்.

கிழிசல் அடைக்கத் தெரிந்தவர்கள், தெரியாத பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டுங்கள். கிழிந்த ஓரத்தில் தொங்கும் பிசிறுகளை பிளேடால் நறுக்கிச் சீராக்கி, மூன்று இழை நிற்கும் ஒரு முடிச்சைத் தேடிப் பிடித்து அங்கே தொடங்க வேண்டும். கண்ணி அளவு மாறாமல் ஊசியை ஓட்டிக்கொண்டு வந்து, மூன்று இழை நிற்கும் இன்னொரு முடிச்சில்தான் முடிக்க வேண்டும். இடையில் எங்கே தவறினாலும் வலை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். உங்கள் விரல் பார்க்காமலே செய்கிற இந்தக் கணக்கை வாய்விட்டுச் சொல்லிச் செய்யுங்கள். மூளைக்கு இதைவிட நல்ல பயிற்சியை எந்த மருத்துவரும் எழுதித் தர முடியாது என்றே நினைக்கிறேன். அரை மணிக்கு ஒருமுறை ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நில்லுங்கள். காலையில் விரல் மடங்க மறுத்தால் வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் வைத்திருந்துவிட்டு வாருங்கள்.

தங்கைகளுக்கு: இடுப்பளவு தண்ணீரில் மணிக்கணக்காகக் குனிந்து இறால் தடவும் வேலையைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பழவேற்காட்டில் முஸ்லிம் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பனை ஓலையில் கூடையும் பெட்டியும் முடைகிறார்கள். நிழலில் உட்கார்ந்து செய்யலாம், நாலு பேரோடு பேசிக்கொண்டே செய்யலாம், கையில் காசும் வரும். கேட்டால் சொல்லித் தராத மனிதர்கள் அல்ல அவர்கள்.

3. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள்.

வயதான உடம்பு தண்ணீர் வேண்டும் என்று நேரத்துக்குச் சொல்லாது. கடலில் நாள் முழுக்கத் தாகத்தை அடக்கிப் பழகியவர்களுக்கு இது இரட்டை ஆபத்து. காலையில் நீராகாரம், பதினோரு மணிக்கு மோர், மாலையில் நுங்கு, நடுநடுவே தண்ணீர். சிறுநீர் மஞ்சள் முற்றிப் போனால் குடித்தது போதவில்லை. கேழ்வரகுக் கூழ் நல்லதுதான், ஆனால் சர்க்கரை உள்ளவர்கள் ஒரு கிண்ணத்தோடு நிறுத்துங்கள். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள், வெயில் காலத்தில் அதன் அளவு பற்றி மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நீங்களாகவே நிறுத்த வேண்டாம். இதயம், சிறுநீரகம் பழுதானவர்கள் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

பகல் 12 முதல் 3 மணிவரை வெளியே போகாதீர்கள். ஷீட்டுக் கூரை வீட்டுக்குள்ளும் இருக்காதீர்கள், அது வெளியைவிட மோசம். புங்க மரத்தடியோ கோயில் மண்டபமோ மேல். வெயிலில் இருந்து வந்தவர் சம்பந்தமில்லாமல் பேசினால் குடித்திருக்கிறார் என்று விட்டுவிடாதீர்கள். நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். குடிக்கிற தம்பிகளே, உழைத்த அலுப்புக்கு என்று நீங்கள் சொன்ன காரணம் இப்போது இல்லை. இந்த வெயிலில் சாராயம் உடம்பிலுள்ள தண்ணீரையும் உறிஞ்சிவிடும்.

4. கருவாடு.

ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகத்தான் உப்பு. ஒரு வேளைக் கருவாட்டுக் குழம்பில் அது முடிந்துவிடும். ரத்த அழுத்தம் உள்ள வீட்டில் கருவாட்டை வாரத்துக்கு ஒருநாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதையும் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள். பச்சை மீன் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிற ஊர் இது. மடவையும் கிழங்கானும் இருக்க, உப்பில் ஊறியதைத் தேட வேண்டியதில்லை.

5. காலைப் பாருங்கள். தினமும் பாருங்கள்.

சர்க்கரை நோய் பல ஆண்டு இருந்தால் பாதத்தில் உணர்ச்சி மங்கும். ஆளி ஓடு கிழித்தாலும் தெரியாது, சித்திரை மணல் பொசுக்கினாலும் தெரியாது. செருப்பில்லாமல் நடப்பது நம் பழக்கம், கடலோரத்தில் செருப்புப் போட்டால் கேலி செய்வதும் நம் பழக்கம். இரண்டையும் விட்டுவிடுங்கள். படுக்குமுன் பாதத்தைக் கழுவித் துடைத்து, விரலிடுக்கையும் குதிகாலையும் பேரப்பிள்ளையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகளின் கண் நம் கண்ணைவிடக் கூர்மை, கீழே உட்கார்ந்து பார்க்க அவர்களுக்குச் சிரமமும் இல்லை.

காலில் புண் இருக்கும்போது ஏரியில் இறங்கவே கூடாது. வெயிலில் சூடேறிய உவர்நீரில் விப்ரியோ என்ற வகைக் கிருமிகள் பெருகும். சர்க்கரையோ கல்லீரல் கோளாறோ உள்ளவர்களுக்கு அதில் ஒரு வகை, சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும். தண்ணீர் பட்ட காயம் சிவந்து வீங்கிக் காய்ச்சல் வந்தால் மஞ்சள் பூசிக் காத்திருக்க வேண்டாம், அன்றே மருத்துவமனை.

கெளுத்தி முள்ளோ திருக்கை முள்ளோ குத்தினால், தாங்கக்கூடிய வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் காலை வைத்திருந்தால் வலி இறங்கும். அந்த விஷம் சூட்டில் முறியக்கூடியது. கால் மரத்தவர்கள் மட்டும் தண்ணீரின் சூட்டை வேறொருவர் கையால் பார்த்துவிட்டே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெந்துபோகும். பிறகு முள் உள்ளே தங்கிவிட்டதா என்று பார்க்கவும், டெட்டனஸ் ஊசி போடவும் மருத்துவரிடம் போங்கள்.

6. கண்.

தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் வெயிலில் வாழ்ந்தவர்களுக்கு, கண்ணின் வெள்ளையில் மூக்குப் பக்கமாகச் சதை வளர்ந்து கருவிழிமேல் ஏறும். நம் ஆட்களில் பலருக்கு இருக்கிறது. புரையும் சீக்கிரம் வரும். இரண்டுக்கும் அறுவைச் சிகிச்சை உண்டு. முகாம் வந்தால் போய்விடுங்கள்.

7. மாத்திரை வீடு தேடி வருகிறது, அதைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து வீட்டுக்கே கொடுக்கிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறைப் பயிற்சியும் உண்டு. அழுத்தமும் சர்க்கரையும் சரியான அளவில் இருக்கின்றன என்றால் மாத்திரை வேலை செய்கிறது என்று பொருள், நோய் போய்விட்டது என்று பொருள் இல்லை. திருவிழாவுக்கு மகள் வீட்டுக்குப் போகும்போது துணிமணியோடு அதையும் எடுத்து வையுங்கள்.

8. பண்டிகைகளுக்குப் போங்கள்.

மாசி மகத்துக்குச் சாமி கடலாடியது முடிந்தது. யுகாதி, பங்குனி உத்திரம், ஈஸ்டர், சித்திரை முதல் நாள் என்று இனி வரிசையாக இருக்கிறது. இந்தச் சில ஆண்டுகளாக ரம்ஜானும் மாசி பங்குனியை ஒட்டியே வருகிறது. மகிமை மாதா கோயில், பெரிய பள்ளிவாசல், ஆதிநாராயணப் பெருமாள் கோயில் எல்லாம் ஒன்றுக்கொன்று நடந்து போகும் தூரத்தில் இருக்கிற ஊர் எத்தனை இருக்கிறது சொல்லுங்கள். நோன்புக் கஞ்சிக்குப் போகிற இடத்தில் பழைய கூட்டாளி ஒருவரையாவது பார்ப்பீர்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் விரதமோ நோன்போ இருக்குமுன் மருத்துவரைக் கேளுங்கள். கை நடுங்கி வேர்த்துக் கொட்டினால் உடனே சர்க்கரை வாயில் போட வேண்டும், விரதம் கலைந்தாலும் சரி.

பண்டிகைப் பச்சடிக்கு வேண்டிய வேம்பும் இப்போது பூத்துக் கொட்டுகிறது. விடியுமுன் மரத்தடியில் பழைய புடவையை விரித்துவைத்தால் மண் படாமல் பூ சேரும். உலர்த்தி எடுத்தால் ஒரு வருடத்து ரசத்துக்கு ஆகும்.

9. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவையுங்கள்.

பாடு என்றால் என்ன என்று பத்து வயதுப் பையனைக் கேட்டுப் பாருங்கள். ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் சுத்து வலை போடுவது என்று ஊர் கூடி முறைவைத்த ஏற்பாடு, சட்டப் புத்தகம் இல்லாமல் தலைமுறைகளாக நடந்துவருகிறது. அதன் நியாயம் உங்கள் வாயில்தான் இருக்கிறது. காற்றின் பெயர்கள், முகத்துவாரம் எந்தெந்த வருடம் மணல்மூடித் தூர்ந்தது, ஸ்ரீஹரிகோட்டாவில் விண்வெளித் தளம் வந்தபோது தீவிலிருந்து கிளம்பிய குடும்பங்கள் எங்கெங்கே குடியேறின, இவற்றை எல்லாம் சொல்லுங்கள். எழுதத் தெரிந்த பேத்தியை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். சொல்லச் சொல்ல உங்களுக்கே பசியும் தூக்கமும் திரும்பும், இதை நான் பலரிடம் கண்டிருக்கிறேன்.

10. வராதவர் யார் என்று எண்ணுங்கள்.

2004 சுனாமிக்குப் பிறகு, ஆதரவற்றுப்போன முதியவர்களுக்காக ஹெல்ப்ஏஜ் இந்தியா தொண்டு நிறுவனம் கடலூர் பக்கம் தாமரைக்குளம் என்ற முதியோர் கிராமத்தை உருவாக்கியது. கடலோர ஊர்களில் முதியவர்களுக்கென்றே சுய உதவிக் குழுக்களும் தொடங்கப்பட்டன. வயதானவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள முடியும் என்பது அங்கே செய்து காட்டப்பட்டுவிட்டது. நாம் அதற்குக் கட்டடத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். தெருவுக்குப் பத்துப் பேர் சேருங்கள். காலை எட்டு மணிக்குள் வலைக் கூடத்திலோ குழாயடியிலோ முகம் காட்டாதவர் வீட்டுக் கதவை ஒருவர் போய்த் தட்ட வேண்டும். விசைப்படகுத் தடை இருக்கும் 61 நாளும் முறைவைத்துச் செய்யுங்கள், பாடு முறை தெரிந்த ஊருக்கு இது பெரிய காரியமில்லை.

தனியாக இருக்கும் விதவைகளை முதலில் பாருங்கள். 2023-இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக உயர்த்தப்பட்ட முதியோர் உதவித்தொகை, தகுதி இருந்தும் விண்ணப்பம் எழுத ஆளில்லாமல் கிடைக்காமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆதாரும் ரேஷன் அட்டையும் வங்கிப் புத்தகமும் எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்துக்கோ பொன்னேரி வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ கூடவே போங்கள். பெற்ற பிள்ளையே சோறு போடாமல் விட்டாலோ அடித்தாலோ, 2007-ஆம் ஆண்டுச் சட்டம் பராமரிப்புக் கேட்கும் உரிமையைத் தந்திருக்கிறது. முதியோர் உதவி எண் 14567, கட்டணம் இல்லை. பெரிய எழுத்தில் எழுதி வலைக் கூடத்துத் தூணில் ஒட்டுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு அந்த ஐந்து இலக்க எண்ணைக் கைப்பேசியில் நீங்களே பதிந்து கொடுங்கள்.